எரிந்த கோப்புகளும் வெற்று அலமாரியும்: இருபது நாவல்களுக்குப் பின் எமிலி ஜோலா

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா (1840 - 1902) இருபது நாவல்களைக் கொண்ட ‘ரூகோன்-மக்கார்’ வரிசையை 1893ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அதன்பின் அவர் எழுதிய நாவல்கள் அவருடைய படைப்பாற்றல் தேய்ந்ததன் அடையாளமாகவே பெரும்பாலும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. இம்மதிப்பீட்டை இக்கட்டுரை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. வரிசை முடிந்தபோது ஜோலா இழந்தது ஆற்றலை அன்று. முடிந்துபோன ஒரு காலத்தைக் களமாகக் கொள்ளும் வாய்ப்பையே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாவல் வரிசை, இயற்பண்புவாதம், கதைக்காலம், டாக்டர் பஸ்கால், மூன்று நகரங்கள், நான்கு நற்செய்திகள்

முன்னுரை

பெரும் நாவல் வரிசை ஒன்றைத் திட்டமிட்ட ஆசிரியர்களுள் அதனை முடித்தவர் சிலர். முடித்தபின் வாழ்ந்து மீண்டும் எழுத அமர்ந்தவர் அவர்களினும் சிலர். பால்சாக் தம் ‘மானுட நாடகம்’ முற்றுப்பெறாத நிலையிலேயே 1850இல் மறைந்தார்; அடுத்து என்ன எழுதுவது என்னும் வினா அவருக்கு எழவே இல்லை. பால்சாக்கை முன்மாதிரியாகக் கொண்டும், அவரிடமிருந்து தாம் வேறுபடும் இடங்களைத் தொடக்கத்திலேயே தனிக்குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டும் புறப்பட்டவர் ஜோலா. அவ்வினாவை அவர் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் எதிர்கொள்ள நேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுக்காலத் திட்டம் முடிந்திருந்தது. எழுதும் பழக்கம் முடியவில்லை.

தமிழ்த் திறனாய்வில் ஜோலாவின் பெயர் இயற்பண்புவாதத்தை விளக்கும் இடங்களில் தவறாது இடம்பெறுகிறது. அவ்விடங்களில் பேசப்படுபவர் ‘நானா’வையும் ‘ஜெர்மினல்’லையும் எழுதிய ஜோலா. 1893க்குப் பிந்திய ஒன்பது ஆண்டுகள் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகின்றன. அவற்றுள்ளும் டிரைஃபஸ் வழக்கே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வழக்கும் அக்கால நாவல்களும் ஒரே வெறுமையிலிருந்து எழுந்தவை என்பது கவனிக்கப்படாமற் போகிறது.

முடிந்துபோன காலம் என்னும் கொடை

வரிசையின் திட்டம் 1868 - 69இல் உருவாயிற்று. முதலில் பத்து நாவல்களே கருதப்பட்டன. எழுத எழுத அவை இருபதாயின. ஒரே மூதாட்டியிலிருந்து பிரியும் இரு கிளைக் குடும்பத்தை, மூன்றாம் நெப்போலியனின் பேரரசுக் காலத்தில் வைத்து ஆராய்வது நோக்கம். மரபுவழிப் பண்பு ஒருபுறமும் சமூகச் சூழல் மறுபுறமுமாக மனிதரை இயக்குகின்றன என்னும் கொள்கை அதன் அடிப்படை. வரிசையைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இக்கொள்கையிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் மரபுக் கொள்கை இன்று அறிவியல் மதிப்பை இழந்துவிட்டது, நாவல்கள் இழக்கவில்லை. அவற்றின் வலிமைக்கு வேறொரு காரணம் தேடவேண்டியுள்ளது.

முதல் நாவலாகிய ‘ரூகோன்களின் செல்வநிலை’ 1870இல் நாளிதழில் தொடராக வெளிவந்துகொண்டிருந்தபோது பிரஷ்யப் போர் மூண்டது. தொடர் இடையில் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பேரரசு வீழ்ந்தது. 1871இல் நூல் வெளிவந்தபோது அதன் முன்னுரையில், கலைஞன் என்ற முறையில் தமக்குத் தேவைப்பட்ட முடிவை வரலாறே கொணர்ந்து தந்துவிட்டது என்ற பொருள்பட ஜோலா எழுதினார். சமகாலத்தைப் பற்றிய வரிசையாகத் திட்டமிடப்பட்டது, முதல் நூல் முடிவதற்குள்ளாகவே இறந்தகாலத்தைப் பற்றிய வரிசையாகிவிட்டது. இம்மாற்றம் முழுத் தொடரின் அழகியலையும் தீர்மானித்தது எனலாம்.

சான்றாக, 1880இல் வெளிவந்த ‘நானா’வின் இறுதியைக் கொள்ளலாம். விடுதி அறையில் அம்மை கண்டு நானா இறந்து கிடக்கிறாள். கீழே தெருவில், போர் அறிவிக்கப்பட்ட களிப்பில் பெருங்கூட்டம் பெர்லினுக்குப் புறப்படுவோம் என்று முழங்கிச் செல்கிறது. அக்கூட்டத்திற்குத் தெரியாத ஒன்று ஆசிரியருக்கும் வாசகருக்கும் தெரியும்: இன்னும் சில வாரங்களில் செதான் களத்தில் பேரரசர் சிறைப்படுவார். ஆசிரியர் ஒரு சொல்லும் விளக்கவில்லை, விளக்கத் தேவையுமில்லை. கதைமாந்தரின் அறியாமைக்கும் வாசகரின் அறிவுக்கும் இடையிலான இத்தொலைவே ஜோலாவுக்கு உரிய ‘அறிவியல்’ நடுநிலையைச் சாத்தியமாக்கியது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையைப் போல மூடப்பட்ட காலம் அவருக்கு வாய்த்திருந்தது. கிளோட் பெர்னாரின் மருத்துவ ஆய்வுமுறையிலிருந்து அவர் கடன் பெற்ற கொள்கைகளைக் காட்டிலும் இம்மூடிய காலம் அவருடைய நாவல்களுக்கு மிகுதியாக உதவியது.

டாக்டர் பஸ்காலின் அலமாரி

வரிசையின் இருபதாம் நாவல் ‘டாக்டர் பஸ்கால்’ (1893). போரையும் வீழ்ச்சியையும் சொல்லும் ‘பேரழிவு’ அதற்கு முந்தியது. பேரரசின் வரலாறு அங்கேயே முடிந்துவிடுகிறது. கடைசி நாவலின் கதை 1872இலிருந்து 1874 வரை நிகழ்வது. எனவே, வரிசையைத் தாங்கிநின்ற சட்டத்திற்கு வெளியே அது அடி எடுத்து வைக்கிறது.

பஸ்கால் ரூகோன் மருத்துவர். தம் குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் பற்றிப் பல்லாண்டுகளாகக் குறிப்பெடுத்து, கோப்புகளாக்கி, ஒரு பெரிய அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோப்பும் வரிசையின் ஒரு நாவலைச் சுருக்கிச் சொல்வதுபோல் அமைகிறது. ஜோலா தம் நாவல்களை எழுதிய முறையும் இதுவே: முதலில் கதைக்கருவின் வரைவு, பின் மாந்தர் ஒவ்வொருவருக்கும் தனித்தாள், களம் பற்றிய நேரடிக் குறிப்புகள், படித்த நூல்களின் சாரம், இயல்வாரியான திட்டம் என்று கட்டுக்கட்டாகச் சேர்த்தபின்னரே அவர் எழுதத் தொடங்கினார். பஸ்காலின் அலமாரி ஆசிரியரின் சொந்த மேசையே என்பது வெளிப்படை.

இந்த அலமாரிக்கு நேர்வதுதான் நோக்கத்தக்கது. பஸ்கால் இறந்தவுடன், குடும்பத்தின் இழிவுகள் வெளிப்படக்கூடாதென்று துடிக்கும் அவருடைய தாய் ஃபெலிசிட்டே, பணிப்பெண்ணின் உதவியுடன் கோப்புகள் அனைத்தையும் தீயிலிடுகிறாள். கருகிய துண்டுகள் சில மிஞ்சுகின்றன. முழுமையாகத் தப்புவது குடும்ப மரம் வரையப்பட்ட ஒரே தாள். சாகும் தறுவாயில் பஸ்கால் அதில் தம் இறப்பைத் தாமே குறித்து, க்ளோதில்ட் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அது எவ்வாறு அமையுமோ என்று வினவிவிட்டுச் செல்கிறார். நாவலின் இறுதியில் க்ளோதில்ட் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். கோப்புகள் இருந்த அலமாரியில் இப்போது குழந்தையின் துணிகள் அடுக்கப்பட்டுள்ளன.

தம் வரிசையின் ஆவணக் களஞ்சியத்தையே எரித்துவிட்டு விடைபெறும் ஆசிரியரின் செயலை, நிறைவின் நம்பிக்கை என்று மட்டும் பொருள்கொள்வது வழக்கம். அது பொருந்தாமலில்லை. ஆயினும் எரிக்கப்பட்டவை யாவும் கடந்தகாலம் பற்றியவை. எஞ்சியது எதிர்காலம் பற்றிய ஒரு வினா என்பதையும் சேர்த்தே காணவேண்டும். விடையறியாத வினாவைத் தம் கதைக்குள் ஜோலா இடம்பெறச் செய்வது இங்குதான். முன்னைய பத்தொன்பது நாவல்களிலும் முடிவு தெரிந்த நிலையிலிருந்தே எழுதியவர் அவர். (கற்பனையில் கோப்புகளை எரித்தவர் தம் உண்மையான குறிப்புக் கட்டுகளைக் கண்ணுங்கருத்துமாகக் காத்துவைத்தார், வரிசைக்குரிய அக்கட்டுகள் இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன.)

விருந்தும் உரையும்

‘டாக்டர் பஸ்கால்’ எழுதி முடிக்கப்பட்ட 1893 மே மாதத்திலேயே, பாரிஸ் மாணவர் சங்க விருந்தொன்றில் ஜோலா உரையாற்றினார். நம்பிக்கைகள் தளர்ந்த காலத்தில் இளைஞர்க்குத் தம்மால் தரக்கூடியது உழைப்பு என்னும் ஒரே நம்பிக்கைதான் என்பது அவ்வுரையின் சாரம். மெதானிலிருந்த தம் எழுத்தறையின் கணப்படுப்புக்கு மேலேயே, நாள்தோறும் ஒரு வரியேனும் எழுதவேண்டும் என்னும் இலத்தீன் முதுமொழியைப் பொறித்து வைத்திருந்தவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்!

இவ்வுரைக்கு உருசியாவிலிருந்து மறுப்பு வந்தது. ‘செயலின்மை’ என்ற தலைப்பில் அதே ஆண்டில் டால்ஸ்டாய் எழுதிய கட்டுரை, எதற்காக உழைப்பது என்று கேளாமல் உழைப்பையே அறமாக்குவது, மனிதன் தன்னைத் தானே மயக்கிக்கொள்ளும் வழி என்று வாதிட்டது. பொதுவான அறவாதமாகத் தோன்றினாலும், வரிசையை முடித்துவிட்டு நிற்கும் நாவலாசிரியரின் மிக நொய்ம்மையான இடத்தையே அது தொட்டது. ஜோலாவிடம் முறை இருந்தது, பழக்கம் இருந்தது, வாசகர் இருந்தனர். ‘எதற்காக’ என்பதற்குப் பேரரசின் வீழ்ச்சியைப் போன்ற ஆயத்த விடை இப்போது இல்லை.

1893 ஜூன் 21 அன்று பதிப்பாளர்கள் போலோஞ் பூங்காவில் நிறைவு விழா விருந்து நடத்தினர். இரண்டு வாரங்கள் கழித்து, மனநோய் விடுதியிலிருந்த மாப்பசான் இறந்தார். அடக்கத்தின்போது ஜோலா இரங்கலுரை நிகழ்த்தினார். இயற்பண்புவாதம் இறந்துவிட்டதா என்பதே 1891இல் இதழாளர் ஜூல் உயுரே எழுத்தாளர்களிடம் நடத்திய நேர்காணல் வரிசையின் மைய வினாக்களுள் ஒன்றாக இருந்தது. அது இறக்கவில்லை என்று தந்தியடித்தவர் ஜோலாவின் நண்பர் போல் அலெக்சி. தந்தியடித்து மறுக்க வேண்டிய நிலையை ஓர் இயக்கம் எய்திவிட்டதே அதன் உடல்நிலைக்குப் போதிய சான்று.

லூர்து முதல் பாரிஸ் வரை

அடுத்த நூலுக்கான வித்து வரிசை முடியும் முன்பே விழுந்திருந்தது. 1891இல் பிரனே மலைப்பகுதிப் பயணத்தின் நடுவே லூர்து நகரில் தங்கிய ஜோலா, நோய் தீர்க்கும் ஊற்றை நாடி வந்த கூட்டத்தைக் கண்டு வியந்தார். 1892 ஆகஸ்டில் தேசியத் திருப்பயண நாள்களில் மீண்டும் சென்று குறிப்பெடுத்தார். அப்போது ‘டாக்டர் பஸ்கால்’ இன்னும் எழுதப்படவில்லை. ஒரு பணி முடிந்தபின் வெறுமை. வெறுமைக்குப்பின் புதுப்பணி என்னும் எளிய வரிசைமுறை இங்கே பொருந்தாது. ஆனால் நூலுக்கு முன்கூட்டியே பொருள் கிடைத்திருந்தும் வடிவச் சிக்கல் தீரவில்லை.

‘மூன்று நகரங்கள்’ என்னும் முந்நூல் தொகுதியில் ‘லூர்து’ 1894இலும், ‘ரோம்’ 1896இலும், ‘பாரிஸ்’ 1898இலும் வெளிவந்தன. குடும்பத்தின் இடத்தில் தனியொருவன் வருகிறான்: நம்பிக்கை இழந்துவரும் குருவானவர் பியேர் ஃபுரோமோன். எல்லாவற்றையும் அவன் கண்வழியே காண்கிறோம். களம் நிகழ்காலம். குறிப்பெடுக்கும் முறை மட்டும் முன்போலவே.

மூன்றனுள் ‘லூர்து’ சிறந்தது. அதன் ஐந்து பகுதிகளும் திருப்பயணத்தின் ஐந்து நாள்கள். பகுதிக்கு ஐந்து இயல்கள். வெண்ணிறத் தொடர்வண்டியில் நோயாளர்கள் ஏறுவதில் தொடங்கித் திரும்பும் பயணத்தில் முடியும் இவ்வமைப்பு, பேரரசு தந்த மூடிய காலத்தைச் சிறிய அளவில் மீட்டுத் தருகிறது. பல்லாண்டு படுக்கையிலிருந்த மாரி எழுந்து நடப்பாள் என்பதையும், எவ்வாறு நடப்பாள் என்பதையும் ஒரு மருத்துவர் முன்னரே பியேரிடம் சொல்லியிருக்கிறார். அவள் எழும்போது கூட்டம் அற்புதத்தைக் காண்கிறது. பியேர் மட்டும் தான் அறிந்ததைச் சொல்லாமல் அழுகிறான். ‘நானா’வின் இறுதிக்காட்சியில் இயங்கிய அதே அறிவு வேறுபாடு இங்கே ஒரு மனிதனின் உள்ளத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பழைய ஜோலாவிடம் இல்லாத பரிவு இது என்றே சொல்லவேண்டும்.

‘ரோம்’ அவ்வாறில்லை. ‘லூர்து’ திருச்சபையின் தடைநூற் பட்டியலில் சேர்க்கப்பட்டபின், 1894 இறுதியில் ஜோலா ரோமுக்குச் சென்றார். பதின்மூன்றாம் லியோவைச் சந்திக்க இசைவு கிடைக்கவில்லை. நாவலில் பியேரும் தடைசெய்யப்படவிருக்கும் தன் நூலைக் காக்கத் திருத்தந்தையைக் காணக் காத்திருக்கிறான், காத்திருக்கிறான், இறுதியில் ஓரிரவில் கண்டு தோற்றுத் திரும்புகிறான். காத்திருப்பின் இடைவெளியை அரண்மனைகளும் இடிபாடுகளும் வரலாற்றுக் குறிப்புகளும் நிரப்புகின்றன. முடிவு தெரியாத நிகழ்காலத்தின்முன் குறிப்பேடு எவ்வளவு தடித்தாலும் நாவலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஜோலாவிடமே இல்லை. ‘பாரிஸ்’ அண்மைக்கால வெடிகுண்டு நிகழ்வுகளைக் கையிலெடுத்துச் சற்று வேகம் பெறுகிறது. ஆயினும் மோன்மார்த்ரு குன்றின் பேராலயத்தைத் தகர்க்க எண்ணும் அண்ணனைத் தம்பி தடுப்பதும், குருத்துவத்தைத் துறந்து மணம்புரிவதும், குழந்தையொன்று நகரின்மேல் உயர்த்திக் காட்டப்படுவதும் ஆசிரியரின் விருப்பங்களே. க்ளோதில்டின் குழந்தை வினாக்குறியாக இருந்தது. பியேரின் குழந்தை விடையாகிவிட்டது.

இரு நூல்களுக்கு இடையே

‘பாரிஸ்’ 1897 கோடையின் இறுதியில் எழுதி முடிந்தது. அக்டோபரிலிருந்து நாளிதழில் தொடராக வரத்தொடங்கியது. அடுத்த நாவல் தொடங்கப்படவில்லை. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்பதற்கான சான்றுகள் ஜோலாவின் கைக்கு வந்தது இவ்விடைவெளியில்தான். நவம்பர் 25 அன்று ‘ஃபிகாரோ’வில் முதற் கட்டுரை. 1898 ஜனவரி 13 அன்று ‘லொரோர்’ நாளிதழில் ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’.

ஒரு நூலின் நடுவில் இருந்திருந்தால் அவர் வாளாவிருந்திருப்பார் என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் நாள்தோறும் காலையில் எழுதும் ஒருவர், எழுத எதுவுமின்றி இருந்த மாதங்களில் அது நிகழ்ந்தது என்பதைத் தற்செயல் என ஒதுக்கவும் இயலாது. அம்மடலின் இறுதியிலுள்ள குற்றச்சாட்டுகளே நினைவில் நிற்பவை. அதன் பெரும்பகுதியோ கதையுரைப்பு. விசாரணை அதிகாரி தியு பாத்தி தெ கிளாமை மையப் பாத்திரமாக்கி, 1894இலிருந்து நிகழ்ந்தவற்றைக் காரணகாரியத் தொடராக ஜோலா சொல்லிச் செல்கிறார். கூட்டம் அறியாததை எழுதுபவர் அறிவார். செய்தவர்கள் மறைத்ததை வாசகர் காணத்தொடங்குகிறார். ‘நானா’வின் உத்தி இங்கே மெய்ம்மனிதர்கள் மீது பயன்படுகிறது. நிகழ்காலத்தை எழுதும் வழியை நான்காண்டுகள் நாவலில் தேடியவருக்கு அது நாளிதழின் முதற்பக்கத்தில் கைகூடியது. 1893க்குப் பிந்திய ஜோலாவின் மிகச் சிறந்த உரைநடை இதுவே என்பதில் ஐயமில்லை.

மக்கட்பேறும் வருங்காலமும்

தண்டனைத் தீர்ப்புக்குப்பின் 1898 ஜூலையில் ஜோலா இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். இலண்டன் விடுதியில் அவர் பதிந்துகொண்ட பொய்ப்பெயர் பஸ்கால். முடித்துவிட்டதாகக் கருதப்பட்ட வரிசையின் கடைசி நாயகன் இவ்வாறு அவருடன் கடல் கடந்தான்.

அங்கே, ஆகஸ்டில் ‘மக்கட்பேறு’ நாவலைத் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதத்தில் முடித்தார். ‘நான்கு நற்செய்திகள்’ தொகுதியின் முதல் நூல் இது. பியேர் ஃபுரோமோனின் நான்கு மக்கள் மத்தேயு, லூக்கா, மாற்கு, யோவான் ஆகிய நற்செய்தியாளர்களின் பெயர்களைப் பிரெஞ்சு வடிவில் தாங்கி, முறையே ‘மக்கட்பேறு’ (1899), ‘உழைப்பு’ (1901), ‘உண்மை’ (1903), ‘நீதி’ ஆகியவற்றின் நாயகர்களாக அமைக்கப்பட்டனர். திருச்சபையோடு பொருதியவர் தம் நம்பிக்கையை உரைக்க அதன் பெயர்களையே நாடியது தனியே ஆராயத்தக்கது.

இந்நாவல்களில் காலம் வருங்காலத்துக்குள் பாய்கிறது. மத்தேயுவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. லூக்கின் தொழிலூர் இலட்சிய ஊராக மலர்ந்து பல்லாண்டுகள் செழிக்கிறது. குடும்ப மரம் மீண்டும் வந்துவிட்டது, ஆனால் அதில் நோயுற்ற கிளை இல்லை. முன்பு வீழ்ச்சியின் முடிவு தெரிந்திருந்தது. இப்போது வெற்றியின் முடிவு தெரிந்திருக்கிறது. முன்னதை ஆசிரியருக்கு உறுதிசெய்தது வரலாறு, பின்னதை உறுதிசெய்வது அவருடைய ஆசை. அதனால்தான் முன்னதில் முரண்நகை பிறந்தது, பின்னதில் போதனை பிறந்தது. திறனாய்வாளர்கள் கண்ட சரிவு மெய்யே; ஆயின் அதனைக் களைப்பென்று சொல்வது பிழை. களைத்தவர் ஒன்பது ஆண்டுகளில் ஆறு பெருநாவல்களை எழுதியிருக்க மாட்டார்.

‘உண்மை’ மட்டும் ஓரளவு வேறுபடுகிறது. டிரைஃபஸ் வழக்கைப் பள்ளிக்கூடக் களத்திற்கு மாற்றி, பொய்க்குற்றம் சாட்டப்பட்ட யூத ஆசிரியர் ஒருவரின் கதையாக அது அமைகிறது. நடந்து முடிந்தவற்றின் பிடிப்பு இருப்பதால் முற்பகுதியில் பழைய ஜோலா தென்படுகிறார். பிற்பகுதி வருங்காலத்துக்குள் நழுவுகிறது.

அந்நாவல் ‘லொரோர்’ நாளிதழில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, 1902 செப்டம்பர் 29 அன்று, படுக்கையறைக் கணப்பின் நச்சுப்புகையால் ஜோலா உயிரிழந்தார். மீதி இயல்கள் அவர் இறந்தபின் தொடர்ந்து வெளிவந்தன. ‘நீதி’க்குச் சில குறிப்புகள் மட்டுமே எஞ்சின. டிரைஃபஸின் தண்டனையை உயர்நீதிமன்றம் நீக்கியது 1906 ஜூலையில்தான். எனவே, அந்நாவலுக்குத் தேவைப்பட்ட முடிவு ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்திருக்கவில்லை.